கேமரா தூக்கிய வாத்தியார்



பத்திரிகையில் ஒரு படம் வருகிறது. பார்க்கிறோம், பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். அதை எடுத்தவர் யார், பல படங்களிலிருந்து அதைப் பொறுக்கி, கீழே இரண்டு வரி எழுதிப் பக்கத்தில் சேர்த்தவர் யார் என்று நினைப்பதில்லை. அந்த வேலையையே வாழ்க்கையாகக் கொண்டு, கூலி வேலை செய்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டவர் லூயிஸ் ஹைன். அவரும் முதலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான்.

1874-ஆம் ஆண்டு அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷ் என்ற ஊரில் அவர் பிறந்தார். 1892-இல் தகப்பனார் விபத்தில் இறந்துபோகவே, குடும்பப் பாரம் பையன் தலையில் விழுந்தது. மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க உழைத்தாலும் வாரத்திற்கு 4 டாலர்தான் சம்பளம். ஆனாலும் படிப்பை விடவில்லை. பிராங்க் மேனி என்ற கல்வியாளர் அவருக்குக் கைகொடுத்தார். 1901-இல் நியூயார்க் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். அங்கேதான், மேனியின் தூண்டுதலால் முதன்முதலாகக் கேமராவைக் கையில் எடுத்தார். 1904 முதல், கப்பலேறிப் பிழைக்க வந்து எல்லிஸ் தீவில் இறங்கிய ஏழை மக்களைப் படம் பிடித்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் பஞ்சாலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார்கள். அதை ஒழிக்கப் பாடுபட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு, 1908-இல் ஹைனைத் தனது படப்பிடிப்பாளராக அமர்த்தியது. நிலையான ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அவர் கிளம்பினார்.

வேலை சுலபமாக இல்லை. ஆலை முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள். எனவே பைபிள் விற்பவர் போலவும், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் போலவும் சொல்லிக்கொண்டு நுழைந்தார். கனமான பெட்டிக் கேமரா, கண்ணாடித் தகடுகள், வெளிச்சத்துக்கு மெக்னீசியப் பொடி, எல்லாவற்றையும் தாமே சுமந்தார். பிள்ளையின் உயரம் தம் கோட்டில் எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்துக் கணக்கிடுவார். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதிக் கொள்வார். பேச்சுக்குச் சொன்னதல்ல, கண்ணால் கண்டது என்று பிறர் நம்ப வேண்டுமல்லவா?

1908-இல் வட கரோலினாவின் ஒரு பஞ்சாலையில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் தனியாக நிற்கும் ஒரு சிறுமி. அவள் உயரம் 51 அங்குலம். வேலைக்கு வந்து ஓராண்டு. சில நாள் இரவு வேலையும் உண்டு. நாள் கூலி 48 காசு. படத்தோடு இந்த விவரங்களும் இருந்ததால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

படமெடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. நல்ல படங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, விளக்கம் எழுதிக் கொடுத்தார். அவை ‘தி சர்வே’ போன்ற பத்திரிகைகளிலும், சுவரொட்டிகளிலும், கண்காட்சிகளிலும் வந்தன. பார்த்தவர்கள் மனம் பதைத்தார்கள். 1916-இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1918-இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது! போராடியவர்கள் சோர்ந்துவிடவில்லை. கடைசியில் 1938-இல் நிலையான சட்டம் பிறந்தது. இது பலர் சேர்ந்து இழுத்த தேர். அதன் வடத்தைப் பிடித்தவர்களில் ஹைனும் ஒருவர்.

56-ஆம் வயதிலும் அவர் ஓயவில்லை. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது, தொழிலாளிகளோடு உச்சிக்கு ஏறிப் படமெடுத்தார். ஆனால் பிறகு வேலை கிடைக்கவில்லை. சொந்த வீடும் கைவிட்டுப் போனது. 1939-இல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் வறுமையிலேயே ஹைனும் கண்ணை மூடினார். பணம் அவருக்குச் சேரவில்லை; ஆனால் அவர் எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைத் தொழிலாளர் படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

மாணவர்களே, பத்திரிகைத் துறையும் படத் துறையும் ஒரு நல்ல தொழில்தான். அதற்குக் கேமரா மட்டும் போதாது. கண் வேண்டும், பொறுமை வேண்டும், பார்த்ததைப் பிழையில்லாமல் எழுதும் மொழி வேண்டும். இவற்றைப் பள்ளிக்கூடத்தில்தான் பழக முடியும்.

பெற்றோர்களே, சிறு வயதிலேயே பால்மரக் காட்டில் அப்பா அம்மாவுக்குக் கூடமாட உதவியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் பஞ்சாலைச் சிறுமியின் களைப்பு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று பரிசு வாங்கும் பிள்ளையை மட்டுமல்ல, வாங்காத பிள்ளையையும் நாளைக் காலையில் தவறாமல் பள்ளிக்கு அனுப்புங்கள். ஹைன் பாடுபட்டது அதற்காகத்தான்.