உயிரணுவின் ஆற்றலைக் கண்ட டாக்டர் எல்லப்பிரகத சுப்பாராவ்

பெரியோர் வரலாற்றைப் படிப்பது பொழுதுபோக்குக்காக அன்று. நம் வாழ்வைச் செம்மைப்படுத்திக் கொள்வதற்கேயாம். பிழைப்பை நாடிச் சொந்த ஊரைவிட்டு வந்து, ஹெப்பாளில் கூடி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, பிறந்த மண்ணைப் பிரிந்து சென்று உலகுக்கே உதவிய ஒருவரின் வரலாறு மிகவும் பொருந்தும். அவர் தெலுங்கு நாட்டில் தோன்றிச் சென்னையில் கல்வி பயின்ற டாக்டர் எல்லப்பிரகத சுப்பாராவ் ஆவார். யாம் மருத்துவம் கற்றவரல்லோம். மெட்ரிகுலேஷன் தேறிய ரயில்வே குமாஸ்தாவே. ஆயினும் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை எளிய முறையில் ஈண்டுத் தருகின்றோம்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தேர்வில் தவறிய பிள்ளையை வைது மூலையில் உட்கார்த்தி வைக்கும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வாராக.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதராடை அணிந்து சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டிற்று.

அக்குடும்பத்தை ஸ்ப்ரூ என்னும் கொடிய கழிச்சல் நோய் தாக்கியது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஈர்க்கமாட்டாது உடல் வற்றி மாளும் நோய் அது. தமையனார் புருஷோத்தமர் அதற்கு இரையானார். உடன்பிறந்தானைப் பறித்த நோயை வெல்லும் வேட்கை இளைஞர் உள்ளத்தில் மூண்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் உடற்கூறு கற்பித்தபின், 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகர் அடைந்தார். இளம் மனைவியை ஊரிலேயே விட்டுச் சென்றார். தாயகம் திரும்பும் பேறு அவருக்குப் பின்னர் வாய்க்கவேயில்லை.

உயிரணுவின் உலை

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில், மருத்துவமனைக் கடைநிலை வேலைகளைச் செய்து வயிறு வளர்த்துக்கொண்டே, ஃபிஸ்கே என்னும் அறிஞருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். உடலிலுள்ள பாஸ்பரசை அளந்தறியும் முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் கண்டறிந்தனர். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

இதன் பெருமையை அறிய நோய்க்கூற்றியலைச் சிறிது நோக்குவோம். நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவை ஊறுபடுவதே நோயின் தொடக்கம். உயிர்வளிக் குறைவு, அடி, தீ, குளிர், நஞ்சு, மது, நோய்க்கிருமி, உடலின் காப்புப் படையே திரும்பித் தாக்குதல், பிறவிக் குறை, உணவுச் சத்தின் குறைவும் மிகையும் ஆகியவை அவ்வூற்றின் காரணங்கள். பழைய நீராவி எஞ்சினுக்கு உலை எவ்வாறோ, அவ்வாறே உயிரணுவுக்கு ஏ.டி.பி. தரும் ஆற்றல். உயிர்வளி குறைந்தால் அவ்வாற்றல் குன்றும். உள்ளே புகும் உப்பை இடைவிடாது வெளியேற்றும் பொறி ஓயும். ஓட்டைப் படகில் நீர் இறைப்பவன் கை ஓய்ந்தாற்போல, உப்பும் நீரும் உட்புகுந்து உயிரணு வீங்கும்.

இவ்வூறு இருவகைப்படும். வீக்கமும் கொழுப்புப் படிதலுமாகிய மீளக்கூடிய ஊறு ஒன்று. காரணத்தை விலக்கினால் உயிரணு பழைய நிலையெய்தும். மதுவால் கல்லீரலில் கொழுப்புப் படிந்தவர் உடனே மதுவைக் கைவிட்டால் கல்லீரல் தேறுவது இதனாலேயே. மற்றொன்று மீளாத ஊறு. உயிரணுவின் உறை கிழிந்து, உள்ளிருக்கும் செரிமானப் பொருள்கள் அதனையே அரித்துவிடும். இஃதன்றிப் பழுத்த இலை உதிர்வதுபோல், உடலின் நலங் கருதி உயிரணு முறையாக மடிவதும் உண்டு.

ஊற்றுக்கு மருந்து

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமையால், 1940இல் லெடர்லி ஆய்வுக் கூடத்திற் சேர்ந்து அதன் ஆராய்ச்சித் தலைமையேற்றார். அங்கே அவர் குழுவினர் தந்த மருந்துகள் மேற்கூறிய காரணங்கள் பலவற்றுக்கு மாற்றாயின.

போலிக் அமிலம் குறைந்தால் புதிய உயிரணுக்கள் செவ்வனே தோன்றா, குருதி வெளுக்கும். ஈஸ்ட் சாற்றிலுள்ள ஒரு சத்து இச்சோகையைத் தீர்ப்பதைப் பம்பாயில் ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார் 1931இல் வெளியிட்டார். அச்சத்தாகிய போலிக் அமிலத்தைச் சுப்பாராவின் குழுவினர் ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர். அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினைக் கொண்டு டாக்டர் சிட்னி பார்பர் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைச் சிறிது காலம் தணித்துக் காட்டினார். அதன் இனமாகிய மெதோட்ரெக்சேட் இன்றும் வழங்குகின்றது. யானைக்கால் நோயைத் தடுக்க அரசினர் வழங்கும் டி.இ.சி. மாத்திரையும் இக்கூடத்தில் பிறந்ததே. அங்கு டாக்டர் டக்கர் கண்ட ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் என்னும் மருந்தினத்தின் முதற் பிள்ளை.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஸ்ப்ரூ நோய்க்கு மருத்துவர் இன்று கொடுப்பவை போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமே. இவ்விரண்டின் பிறப்பிலும் தமையனை இழந்த அத்தம்பியின் கூடத்துக்குப் பங்குண்டு. தமையனைக் காக்க அவை காலத்தே வந்தில. பிறர் தமையன்மாரைக் காக்கின்றன.

முடிவும் படிப்பினையும்

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் மறைந்தார். மாரடைப்பாவது யாது? இதயத் தசைக்குக் குருதி செல்லும் குழாய் அடைபட, அங்குள்ள உயிரணுக்களில் ஏ.டி.பி. வற்றிப்போவதேயாம். உயிரணுவின் ஆற்றலைக் கண்டவர் அவ்வாற்றல் வற்றிய நோயாலேயே மாண்டார் என்பதை எண்ண நெஞ்சம் உருகுகின்றது. இந்திய அரசு 1995இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது காலத்தின் அருமை. குருதி நின்ற இதய உயிரணு ஏறத்தாழ 20 முதல் 40 நிமிடம் வரையே மீளக்கூடிய நிலையில் நிற்கும்; பின்னர் மடியத் தொடங்கி, அழிவு மணிக்கு மணி பரவும். மூளை உயிரணுவோ சில நிமிடங்களே தாங்கும். ஆகவே நம் குடியிருப்பில் எவருக்கேனும் நெஞ்சு வலித்து வியர்த்தால், வாயுவென்று ஓமநீர் கொடுத்து விடியட்டும் எனக் காத்திராமல், அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நள்ளிரவாயினும் அண்டை வீட்டார் கதவைத் தட்டத் தயங்க வேண்டா. உற்றார் தொலைவிலிருக்கும் இவ்வூரில் நமக்கு நாமே உற்றாராவோம். வாழ்க சுப்பாராவ் புகழ்!