தீப்பெட்டி தொழில் கற்க கொல்கத்தா போன அய்ய நாடார்... சிவகாசி பட்டாசு ஆலைகளுக்கு இன்று கடிவாளம் யார் கையில்?

சிவகாசின்னு சொன்னாலே பட்டாசுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, அந்த ஊருக்கு முதலில் வந்தது பட்டாசு இல்ல, தீப்பெட்டி. அதைக் கொண்டு வந்த இருவரில் ஒருவர் பி.அய்ய நாடார்.

யார் இவர்?

வானம் பார்த்த கரிசல் பூமி. விவசாயத்தை மட்டும் நம்பினா பிழைப்பு ஓடாது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் உறவினர் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்றனர். சில மாதங்கள் தங்கி தீப்பெட்டி தயாரிப்பைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். பிறகு இருவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தினர். அய்ய நாடாருக்கு அணில் மார்க், சண்முக நாடாருக்கு காக்கா மார்க். எல்லாமே கைவேலை என்பதால் சுற்றுவட்டார கிராமங்களுக்குக் கூலி கிடைத்தது. மழை குறைந்த வெயில், குச்சி காய்வதற்கும் வசதியாப் போச்சு.

பட்டாசு எப்போது வந்தது?

1940ல் வெடிபொருள் விதிகள் வந்தன. பட்டாசு தயாரிக்க உரிமம் கட்டாயமானது. அதன்பிறகே சிவகாசியில் முறையான பட்டாசு ஆலைகள் தொடங்கின. தொழிலில் வந்த வருமானத்தை கல்விக்கும் திருப்பினார் அய்ய நாடார். 1963ல் தொடங்கிய கல்லூரி, அவர் பெயரோடு மனைவி ஜானகி அம்மாள் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது.

இன்று உரிமம் தருவது யார்?

2008 விதிகளின்படி, ஒரு நேரத்தில் 15 கிலோ வரை தயாரிக்க மாவட்ட நிர்வாகம் உரிமம் தரும். அதற்கு மேல் 500 கிலோ வரை மத்திய அரசின் பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அலுவலகம் தரும். 500 கிலோவைத் தாண்டினா, நாக்பூரில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகணும்.

பெசோ அமைப்புக்கு சிவகாசியிலேயே அலுவலகம் உண்டு. அதிகாரிகள் ஆலைக்குள் நுழைந்து சோதனை போடலாம், மருந்தைப் பறிமுதல் செய்யலாம், உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர், அறைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், ஆலையை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் வழக்குப் பதிவதும் கைது செய்வதும் உள்ளூர் போலீஸ்.

எங்கே ஓட்டை?

2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டி ஆலை வெடித்து சுமார் 40 பேர் இறந்தனர். அந்த ஆலையின் உரிமம் விபத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. தாளில் பூட்டிய ஆலைக்குள் வேலை நடந்திருக்கிறது! 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் விபத்திலும் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அய்ய நாடார் தலைமுறை தேடியது, ஊருக்கு ஒரு பிழைப்பு. அது கிடைத்தது. அந்தப் பிழைப்புக்குப் போறவங்க சாயங்காலம் வீடு திரும்பணும்னா, உத்தரவு போட்டால் மட்டும் போதாது. அந்த உத்தரவு ஆலைக்குள்ள நடைமுறையில் இருக்கான்னு மறுநாளே போய்ப் பார்க்க ஆள் வேணும்.