பிரபுல்ல சந்திர ராய்

ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் (ஆகஸ்ட் 2, 1861 – ஜூன் 16, 1944) வங்காளத்தைச் சேர்ந்த வேதியியலாளர், கல்வியாளர், தொழில் முனைவர் ஆவார். இந்தியாவின் தொடக்ககால மருந்து உற்பத்தி நிறுவனங்களுள் ஒன்றான பெங்கால் கெமிக்கல்ஸ் இவரால் நிறுவப்பட்டது. கல்லூரியில் கற்பிக்கப்படும் வேதியியல், நாட்டின் தொழில் வளர்ச்சிக்குப் பயன்பட வேண்டும் என்பது இவரது கொள்கையாகும்.

கல்வியும் ஆசிரியப் பணியும்

அன்றைய ஜெசோர் மாவட்டத்தில் (தற்போது வங்காளதேசம்) ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். 1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இவர், 1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1888இல் நாடு திரும்பினார். கல்வித்துறையின் உயர் பணிகள் அப்போது பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே வழங்கப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த பின், 1889இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியரானார். மெக்நாத் சாகா, சத்தியேந்திர நாத் போஸ் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள்.

பெங்கால் கெமிக்கல்ஸ்

அக்காலத்தில் மேலைநாட்டு மருந்துகள் இறக்குமதி செய்யப்பட்டே விற்கப்பட்டன. பட்டம் பெற்ற வங்காள இளைஞர்களோ எழுத்தர் வேலையையே பெரிதும் நாடினர். இவ்விரு குறைகளையும் போக்க எண்ணிய ராய், 1892இல் 700 ரூபாய் முதலீட்டில், தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே மருந்துகளைத் தயாரிக்கத் தொடங்கினார். கல்லூரிப் பணி முடிந்த பின்னரே இதனைக் கவனித்தார்.

உள்ளூர் மருந்து வணிகர்கள் இறக்குமதிச் சரக்கையே நம்பியதால், தொடக்கத்தில் விற்பனை கடினமாக இருந்தது. நண்பரும் மருத்துவருமான அமுல்ய சரண் போஸ், பிற மருத்துவர்களின் ஆதரவைத் திரட்டினார். ஓமநீர், நிலவேம்பு, ஆடாதோடை போன்ற உள்நாட்டு மருந்துகளும் புதிய முறையில் தயாரிக்கப்பட்டன. 1898இல் பிளேக் நோயால் போஸ் இறந்தது பேரிழப்பாயிற்று. எனினும் தொழில் நிலைபெற்று, 1901இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகியது. பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் பயின்ற ராஜசேகர் பாசு 1903இல் வேதியியலாளராகச் சேர்ந்து, பின்னர் நிறுவனத்தை நிருவகித்தார். இவர் வங்காள எழுத்தாளராகவும் புகழ்பெற்றவர்.

பல்கலைக்கழகப் பணி

1916இல் ராய் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். இந்தியர்களின் நன்கொடையால் உருவான இப்பதவி, இந்தியருக்கே உரியது. அறுபது அகவை நிறைந்த 1921 முதல் தமது ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை வளர்ச்சிக்கே அளித்தார். 1924இல் இந்திய வேதியியல் கழகத்தை நிறுவி, அதன் முதல் தலைவராக விளங்கினார். 1936இல் ஓய்வு பெற்றார்.

மறைவு

திருமணம் செய்துகொள்ளாத ராய், அறிவியல் கல்லூரியிலேயே ஓர் எளிய அறையில் வாழ்ந்து, 1944இல் காலமானார். இவர் நிறுவிய மருந்து நிறுவனம் 1980இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டது.