தடை போட்ட மைதானமும் தளராத இடது காலும்

கால்பந்து என்றதும் நமக்கு பீலேயைத் தெரியும், மரடோனாவைத் தெரியும். லில்லி பார் என்ற பெயரைக் கேள்விப்பட்டது உண்டா? விடிய விடிய உலகக் கோப்பை பார்க்கிற ஹாஸ்டல் நண்பர்களிடம் கேட்டாலும், யாருப்பா அதுன்னுதான் திருப்பிக் கேட்பார்கள். ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் கதை இது. நாளைக்குத் தொழிற்சாலைக்குப் போகப் போகிற நாம் தெரிஞ்சுக்க வேண்டிய கதை.

இங்கிலாந்தின் லங்காஷயர், நம்ம ராஜபாளையம் மாதிரி பஞ்சும் நூலும் சோறு போட்ட பூமி. அங்கே செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் 1905 ஏப்ரல் 26 அன்று லில்லி பிறந்தார். அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் கூலி வேலை. வீட்டில் ஏழு பிள்ளைகள். மற்ற பெண் பிள்ளைகள் தையல், சமையல் என்று பழகிக்கொண்டிருந்தபோது லில்லி சகோதரர்களோடு சேர்ந்து கால்பந்தும் ரக்பியும் ஆடியே வளர்ந்தார்.

முதல் உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, லேத்துக்கும் மெஷினுக்கும் பெண்கள் வந்து நின்றார்கள். ப்ரெஸ்டன் நகரில் டிராம் வண்டியும் ரயில் எஞ்சினும் செய்துகொண்டிருந்த டிக், கெர் கம்பெனி, போருக்காக வெடிகுண்டு செய்ய ஆரம்பித்தது. அங்கே வேலை பார்த்த பெண்கள் 1917-ல் இடைவேளை நேரத்தில் ஆண் தொழிலாளிகளோடு சும்மா பந்து உதைக்கத் தொடங்கி, கடைசியில் ஒரு டீமே ஆகிவிட்டார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று ஒரு ஃபவுண்டரியின் பெண்கள் அணியை 4-0 என்று தோற்கடித்தார்கள். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர்! வசூலான பணம் காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்குப் போனது.

1920-ல் இந்த அணி லில்லியைக் கண்டுபிடித்தது. அப்போது அவருக்கு வயது 14 தான். கம்பெனியில் வேலை, ஒரு மேட்சுக்குப் 10 ஷில்லிங் படி. லெஃப்ட் விங்கில் ஆடினார். ஆறடியை நெருங்கிய உயரம், இடி மாதிரி இடது கால். தோல் பந்து மழையில் நனைந்து கல்லாய்க் கனக்கும் அந்தக் காலத்திலேயே, மைதானத்தின் ஓரத்திலிருந்து கோல் முகம் வரை அனாயாசமாகத் தூக்கி அடிப்பாராம். முதல் சீசனிலேயே 43 கோல் போட்டார் என்கிறார்கள்.

எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்! 1920 டிசம்பரில் இந்த அணி ராத்திரி மேட்ச் ஆடியது. எதிரி விமானத்தைத் தேடப் பயன்பட்ட இரண்டு தேடுவிளக்குகளை ராணுவத்திடம் கேட்டு வாங்கி, பந்துக்கு வெள்ளையடித்து ஆடினார்கள். பத்து நாள் கழித்து டிசம்பர் 26-ல் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் ஒரு போட்டி. நம்ம திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ரதவீதியில் கூடுகிற கூட்டத்தை மனசுல வச்சுக்குங்க. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே திரும்பிப் போனவர்கள் இன்னும் பல ஆயிரம்.

அந்தக் கூட்டம்தான் சிலர் கண்ணை உறுத்தியது போலும். 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு அல்ல, தர்மத்துக்கு வசூலான பணத்தில் செலவுக்கென்று அதிகம் போகிறது என்று இரண்டு காரணம் சொல்லி, தன் கிளப்புகள் எதுவும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று கதவைச் சாத்தியது. பெண்கள் விளையாடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் வரவில்லை. மைதானத்தைப் பூட்டினால் போதும், ஆட்டம் தானாகவே செத்துவிடும் என்ற கணக்கு. அப்போது லில்லிக்கு வயது 16.

ஆனால் ஆட்டம் சாகவில்லை! 1922-ல் அணி கப்பல் ஏறியது. கனடாவில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஆண்கள் அணிகளோடு மோதி 9 போட்டியில் 3 வெற்றி, 3 சமன், 3 தோல்வி. ஊர் திரும்பிய பின் கிடைத்த திறந்தவெளியில் எல்லாம் ஆடினார்கள். கம்பெனியின் ஆதரவு விலகியபோது ப்ரெஸ்டன் லேடீஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். லில்லி ஒரு மனநல மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் போனார். டூட்டியும் பார்த்தார், பந்தும் ஆடினார். 45 வயது தாண்டும் வரை ஆடினார்! மொத்தம் ஆயிரத்தை ஒட்டிய கோல்கள் அவர் கணக்கில் சொல்லப்படுகின்றன.

தடை நீங்கிய ஆண்டு 1971. சுளையாக அரை நூற்றாண்டு! 1972 நவம்பர் 18 அன்று இங்கிலாந்துப் பெண்கள் தேசிய அணி தன் முதல் அதிகாரபூர்வப் போட்டியில் ஸ்காட்லாந்தை 3-2 என்று வென்றபோது லில்லிக்கு வயது 67. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அந்த நாளைப் பார்த்துவிட்டு 1978 மே 24-ல் கண்ணை மூடினார். 2002-ல் இங்கிலாந்துக் கால்பந்து அருங்காட்சியகத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 2019-ல் அங்கே சிலையும் வைத்தார்கள். 2022-லும் 2025-லும் அந்த நாட்டுப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள் என்றால், அந்தக் கோப்பையில் லில்லியின் வியர்வையும் இருக்கிறது.

நம் நாட்டுக் கதை என்ன? இந்தியப் பெண்கள் அணி 1980-ல் கோழிக்கோட்டிலும் 1983-ல் பாங்காக்கிலும் ஆசியக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை போய் இரண்டாமிடம் பெற்றது. 83-ல் நம்மைத் தோற்கடித்த தாய்லாந்தை, 2025 ஜூலையில் அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது அணி வேற எங்கேயோ இல்ல, நம்ம பக்கத்து மதுரைதான்!

தோழர்களே, லில்லிக்குத் திறமை குறையவில்லை, ஆள் குறையவில்லை, கூட்டமும் குறையவில்லை. குறைந்தது ஒரு மைதானம் மட்டுமே. சாயங்காலம் கடைசி பீரியட் பெல் அடித்ததும் நாம் ஓடிப் போய் கோல் போஸ்ட் நடுகிறோம். நம்மோடு அதே லேபில், அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடித்துத் தேய்க்கிற தங்கைகள் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஆசை இல்லை என்று நாமாகவே முடிவு கட்டிவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மைதானத்தை அவர்களுக்கு விட்டுக் கொடுத்துப் பார்ப்போம். எந்த இடது கால் எங்கே ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது!