தெருவுக்கு அடியில் வெப்பத்தை ஓடவிட்டவர்!

நியூயார்க் நகரத் தெருக்களில் குளிர்காலத்தில் ஒரு வேடிக்கையைக் காணலாம். தரையிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். ஊருக்குப் புதியவர்கள், பூமிக்கடியில் தீப்பிடித்துவிட்டதோ என்று திகைத்து நிற்பார்கள்.

அது புகை அல்ல, ஆவி. தெருவுக்கு அடியில் நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீர் கசிந்து அந்தச் சூடான குழாயில் பட்டால், ஆவியாகி மேலே வருகிறது. அந்தக் குழாய்கள் வழியாகத்தான் கட்டிடங்களுக்கு வெப்பம் போகிறது.

தண்ணீரைக் குழாயில் அனுப்புவதுபோல் வெப்பத்தையும் வீடு வீடாக அனுப்பலாம் என்று செய்து காட்டியவர் யார்? பேர்ட்சில் ஹாலி என்ற அமெரிக்கர்.

படிப்பு நின்றது

ஹாலி 1820-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை. பள்ளிக்கூடம் போவது நின்றது. மரவேலைப் பட்டறையில் சேர்ந்தார். பிறகு இயந்திரப் பட்டறைக்குப் போனார். அவர் கற்ற கல்வியெல்லாம் அங்கேதான்.

தண்ணீரை வேகமாகத் தள்ளும் பம்புகளைச் செய்வதில் அவர் கெட்டிக்காரர் ஆனார். அவர் செய்த பம்புகள் தீயணைக்கும் இயந்திரங்களில் பொருத்தப்பட்டன.

1859-ம் ஆண்டு லாக்போர்ட் என்ற ஊரில் அவர் பெயராலேயே ஒரு தொழிற்சாலை தொடங்கியது.

முதல் குழாய்

அந்தக் காலத்து அமெரிக்க ஊர்களுக்குத் தீ என்றால் நடுக்கம். வீடுகளில் பெரும்பாலானவை மரத்தால் கட்டியவை. குளிர் தாங்க வீட்டுக்கு வீடு அடுப்பு எரியும். ஒரு பொறி பறந்தால் போதும், தெருவே சாம்பலாகும்.

ஹாலி இதற்கு ஒரு வழி கண்டார். உயரமான தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், பம்பின் வேகத்தாலேயே குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டார். தெருவில் அங்கங்கே குழாயின் வாயை வைத்தார். தீப்பிடித்தால் அதைத் திறந்தால் போதும். தண்ணீர் பீறிட்டு வரும். 1863-ம் ஆண்டு லாக்போர்ட்டில் இந்த ஏற்பாடு வந்தது. பிறகு பல ஊர்கள் இதை ஏற்றுக்கொண்டன.

ஆனால் தீயை அணைத்தால் மட்டும் போதுமா? வீட்டுக்கு வீடு எரியும் அடுப்பு அப்படியே இருக்கிறதே! நிலக்கரி சுமக்க வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். புகையைச் சுவாசிக்க வேண்டும். ஊருக்கு ஒரே அடுப்பு இருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் ஏது?

வீட்டிலேயே சோதனை

1876-ம் ஆண்டு ஹாலி தம் சொந்த வீட்டிலேயே சோதனையைத் தொடங்கினார். வீட்டில் கொதிகலன் வைத்தார். அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் பதித்துப் பக்கத்திலிருந்த கொட்டகைக்கு நீராவியை அனுப்பினார். பிறகு அடுத்த வீட்டுக்கும் குழாய் போனது.

சொல்வது எளிது; செய்வது அரிது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். ஆவி குளிர்ந்தால் தண்ணீர் ஆகிவிடும். வீட்டுக்குள் அப்படி ஆவதுதான் நமக்கு வேண்டும். அப்போதுதான் ஆவி தன் வெப்பத்தை அறைக்குக் கொடுக்கும். ஆனால் அது பாதி வழியிலேயே தண்ணீராகிவிட்டால்? போய்ச் சேருவது வெறும் ஈரம்தான்!

ஆகவே குழாய்க்குச் சட்டை போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸும் காகிதமும் சுற்றினார்கள். குடைந்த மரத்துக்குள் குழாயை வைத்தார்கள். அதனால் வெப்பம் மண்ணுக்குள் வீணாவது குறைந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பிற்காலத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. இரும்பு சூடானால் நீளும். நூறு அடிக் குழாயில் நீராவி ஏறினால் சுமார் ஒன்றரை அங்குலம் நீளும். இடம் இல்லாவிட்டால் குழாய் வளையும்; இணைப்பு பிளக்கும். எனவே வழியில் அங்கங்கே குழாய் நீளவும் சுருங்கவும் இடம் விட்டு இணைப்புகள் அமைத்தார்கள்.

ஆழம் ஏன் வேண்டாம்?

குளிர்நாட்டில் தண்ணீர்க் குழாயை ஆழமாகப் புதைக்க வேண்டும். மேல்மண் உறைந்துபோகும். குழாய்த் தண்ணீரும் உறைந்தால் குழாய் வெடிக்கும். ஓயாமல் சூடாக இருக்கும் குழாய்க்கு அந்தப் பயம் குறைவு. வண்டிகளின் பாரம் தாக்காத ஆழம் இருந்தால் போதும்.

ஆழம் குறைந்தால் கூலி குறையும். பழுது வந்தால் சீக்கிரம் தோண்டலாம். தெருவை மறித்துப் போட்டிருக்கும் நாளும் குறையும். இந்த நூற்றாண்டில் பதிக்கும் வெந்நீர்க் குழாய்களையும் பெரும்பாலும் தெருமட்டத்துக்கு இரண்டு மூன்று அடிக்குக் கீழேதான் பதிக்கிறார்கள்.

ஆனால் அலட்சியம் கூடாது. குழாயைச் சுற்றித் தண்ணீர் தேங்கினாலும் ஆபத்து. குழாய்க்குள் தேங்கினாலும் ஆபத்து. 2007-ம் ஆண்டு நியூயார்க்கில் 1924-ல் பதித்த ஒரு நீராவிக் குழாய் வெடித்தது. நடுத்தெருவில் பெரும் பள்ளம் விழுந்தது. ஓர் உயிர் போயிற்று. பலர் காயம் அடைந்தார்கள். குழாய்க்குள் தண்ணீர் வடியாமல் தேங்கியதே காரணம்.

ஊர் ஊராகப் பரவியது

1877-ம் ஆண்டு லாக்போர்ட்டில் பல வீடுகளுக்குப் பொதுக் கொதிகலனிலிருந்து வெப்பம் போயிற்று. 1880-ல் டென்வர் நகரம் அவர் முறையைப் பின்பற்றியது. 1882-ல் நியூயார்க் நகரில் நீராவி ஓடத் தொடங்கியது.

ஹாலி 1894-ம் ஆண்டு லாக்போர்ட்டில் காலமானார். அவர் விதைத்தது அழியவில்லை. நியூயார்க்கில் நீராவி இன்றும் ஓடுகிறது. டென்மார்க் நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பொதுக் குழாய் வழியாகத்தான் வெப்பம் வருகிறது. அங்கே இப்போது நீராவிக்குப் பதில் வெந்நீர். குப்பையை எரித்து வரும் வெப்பமும், மின்சார நிலையங்களில் வீணாகப் போகவிருந்த வெப்பமும் அந்தக் குழாய்களில் ஏறுகின்றன.

பள்ளிப் படிப்பை முடிக்க முடியாத ஒரு பட்டறைத் தொழிலாளி தெருவுக்குக் கீழே இரண்டு குழாய்களைப் பதித்தார். ஒன்று வீட்டில் பற்றிய தீயை அணைக்க. மற்றொன்று, வீட்டுக்குள் தீயே மூட்டாமல் குளிரைப் போக்க. தெருவில் நடப்பவர் கண்ணுக்கு இரண்டும் தெரியா. ஆனால் கொட்டும் பனியிலும் குழந்தைகள் கதகதப்பாகத் தூங்குகிறார்கள்!