ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரும் ஒலிப்பதிவும்

செட்டிநாடு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன நெடிய மாளிகைகளும், பர்மா மலேயா முதலிய நாடுகளில் நடைபெற்ற வட்டித் தொழிலும், கோயில் திருப்பணிகளுமே யாம். அந்நாட்டிற் பிறந்த ஒருவர், காற்றிலே தோன்றிக் காற்றிலே மறையும் ஒலியைச் சரக்காகக் கொண்டு வாணிகஞ் செய்து பெரும்பெயர் பெற்றார். அவரே காரைக்குடி ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ஆவர். திரைப்பட முதலாளியாக அவரை அறியாதார் இலர். ஒலித்துறையில் அவர் பட்ட பாட்டை அறிந்தாரோ சிலரே. ஆதலின் அவர் வரலாற்றில் அப்பகுதியையே ஈண்டு விரித்துரைக்க முற்பட்டோம்.

செட்டியார் 1907-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் காரைக்குடியிலே பிறந்தார். தந்தையார் ஆவிச்சி செட்டியார். ஏ. வி. அண்டு சன்ஸ் என்ற பெயரால் அக்குடும்பத்தார் நடத்திய கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. அக்காலத்துத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடும். முன்னாளில் பாடகர் ஊதுகுழல் போன்றதொரு கூம்பின் முன் நின்று உரக்கப் பாட, அவ்வொலியின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறிற்று. 1925-ஆம் ஆண்டு முதல் மேனாட்டுக் கம்பெனிகள் மைக்கையும், வால்வுகளால் அமைந்த ஆம்பிளிபையரையும் இப்பணிக்குக் கொண்டுவந்தன. மென்குரலும் அதன்பின் தட்டில் ஏறிற்று. பழைய முறைத் தட்டையும் புதிய முறைத் தட்டையும் அருகருகே வைத்து விற்ற கடைக்காரர்க்கு அவ்விரண்டின் வேறுபாட்டைப் பிறர் சொல்லித் தரவேண்டுவதில்லை. பொறியியற் கல்வி பெறாத செட்டியார்க்கு அக்கடையே கல்லூரியாயிற்று என்பது எமது கருத்து.

பிறர் செய்த தட்டை விற்பதினும் தாமே தட்டுகளை வெளியிடுதல் நன்று என்று அவர் துணிந்தார். நண்பர் சிலருடன் சென்னை சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். ஜெர்மானிய ஓடியன் கம்பெனியாருடன் அந்நிலையம் தொடர்பு பூண்டு தென்னாட்டிலே தட்டுகளைப் பரப்பியது. 1931-இல் காளிதாஸ் வெளிவந்து தமிழிற் பேசும் படம் பிறந்தபின், செட்டியாரின் நாட்டம் அத்துறையிற் சென்றது. அல்லி அர்ஜுனா, ரத்னாவளி என்னும் இரண்டு படங்களை எடுத்தார், இரண்டும் தோல்வியுற்றன. கைப்பொருள் கரைந்தது. மற்றொருவராயின் ஊர் திரும்பிக் கடையைக் கவனித்திருப்பர்.

நிற்க. அந்நாளிற் பேசும் படத்தில் பாட்டு எவ்வாறு பதிவாயிற்று என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். நடிப்பவரே பாடுதல் வேண்டும். காமிராவின் பார்வைக்கு எட்டாத இடத்தில் மைக் தொங்கும். பக்கவாத்தியக்காரர் மறைவில் அமர்ந்து வாசிப்பர். மைக்கில் எழும் மின்னோட்டம் மிக மெல்லியது. அதனை ஆம்பிளிபையர் பெருக்க, பெருகிய மின்னோட்டம் ஓர் ஒளிக்கீற்றை விரித்தும் சுருக்கியும் பிலிமின் ஓரத்திற் கோடாக வரையும். பிலிமோ நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடும். நடுவில் ஒருவர் இருமினும் அப்பகுதி முழுதும் பாழ். அழகும் நடிப்பும் வாய்ந்தவர்க்குக் குரல் வாய்த்தல் அரிது. குரல் வாய்த்தவர்க்கு ஏனையவை வாய்த்தல் அதனினும் அரிது.

இம்முட்டுப்பாட்டிற்குச் செட்டியார் கண்ட வழி முகத்தையும் குரலையும் பிரிப்பது. பிரகதி பிக்சர்ஸ் வெளியீடாக 1938-இல் வந்த நந்தகுமார் என்னும் படத்திலே, நடித்த அம்மையாரின் பாட்டு மனத்திற்கு இசையாமற் போகவே, லலிதா வெங்கடராமன் என்பாரைப் பாடச் செய்து அக்குரலைப் படத்திற் சேர்த்தார். தமிழ்ப் படவுலகிற் பின்னணிப் பாட்டின் தொடக்கமாக இதனைக் கூறுவர். டி. ஆர். மகாலிங்கம் பாலகனாகத் திரையிலே தோன்றியதும் அப்படத்திலேதான். பின்னர்க் கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திரா படத்திற்குத் தமிழ்ப் பேச்சைப் பொருத்தி 1944-இல் வெளியிட்டார். ஒரு மொழி பேசும் உதட்டிற்கு மற்றொரு மொழியின் ஒலியை அளந்து வைத்தல் எத்துணை நுண்ணிய வேலை என்பதை அதனைச் செய்து பார்த்தவரே அறிவர்.

1945-இல் வந்த ஸ்ரீவள்ளியில் இவ்வொலிச்செவி மேலும் கடுமையாயிற்று. மகாலிங்கம் முருகனாகவும் குமாரி ருக்மிணி வள்ளியாகவும் நடித்தனர். ருக்மிணியின் பாட்டு மகாலிங்கத்தின் ஓங்கிய குரலுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று செட்டியார் கண்டார். படம் எடுத்து முடிந்தபின், பி. ஏ. பெரியநாயகியைக் கொண்டு அப்பாட்டுகளை மீண்டும் பாடுவித்து, திரையில் அசையும் உதடுகளுக்கு ஒக்கப் பதிந்து, பழைய ஒலியின் இடத்திலே புதியதை இட்டார். படம் மாபெரும் வெற்றி கண்டது. ஆயினும், தன் உருவத்தினின்று தன் குரல் நீக்கப்பட்டதைக் கேட்ட அவ்விளம்பெண்ணின் உள்ளம் யாதாயிருக்கும் என்று எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை. பாடி நடிப்போரின் காலம் மெல்ல மெல்ல மறைவதற்கும் பாடுவோர் என்றொரு தனிக்குலம் தோன்றுவதற்கும் இத்தகைய செயல்களே வித்தாயின. இலாபமும் உண்டு, இழப்பும் உண்டு.

1945 அக்டோபர் 14-ஆம் நாள் ஏ. வி. எம். நிறுவனம் சென்னையிலே தோன்றிற்று. சொந்தமாக ஸ்டூடியோ அமைக்க விரும்பிய செட்டியார்க்குப் போர்க்காலத் தட்டுப்பாட்டினால் அங்கு மின்சாரம் கிடைக்கவில்லை. விளக்குகளும் ஆம்பிளிபையர்களும் மின்சாரம் இன்றி என் செய்யும்? ஆகவே பிறந்த ஊரையே நாடினார். காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த நாடகக் கொட்டகையொன்றைக் குத்தகைக்குப் பெற்று, கீற்றுக் கூரைகளின் கீழ் ஸ்டூடியோ நடத்தினார். கீற்றும் மண்ணும் ஒலியை எதிரொலிக்க விடாமல் உறிஞ்சும் இயல்புடையன. எனினும் காற்றையும் மழையையும் வண்டியோசையையும் தடுக்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. அத்தகைய இடத்தில் ஒலிப்பதிவு செய்தல் சாதாரணமான காரியமன்று.

மின்சாரத்தைப் பற்றிப் பேசுமிடத்து, இக்கால இளைஞர் தம் வீட்டு மேசைமீது தாமே இணைத்து மகிழும் டி வகுப்பு ஆம்பிளிபையரை எண்ணி வியக்கின்றோம். வால்வு ஆம்பிளிபையர் தன் இழைகளைச் சூடாக்கவும், ஒலியின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப மின்னோட்டத்தை அடக்கியாளவும், உண்ட மின்சாரத்திற் பெரும்பங்கை வெப்பமாகவே வீணாக்கியது. டி வகுப்புக் கருவியோ மின்னோட்டத்தை முழுதும் திறப்பது, முழுதும் மூடுவது என்னும் இரண்டே செயல்களை வினாடிக்குச் சில இலட்சம் முறை செய்கின்றது. திறந்திருக்கும் நேரத்தின் நீளமே ஒலியின் வடிவத்தை ஏந்துகின்றது. முடிவில் ஒரு கம்பிச் சுருளும் ஒரு கண்டன்சரும் வேண்டாத அதிர்வை வடிகட்டிப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மின்சாரம் பயன்படுகின்றது. உள்ளங்கையளவான அப்பலகையைச் செய்தோர், ஸ்பீக்கருக்குப் பதிலாகத் தடைக்கம்பி இணைத்து, சீரான ஒரு சுருதியைச் செலுத்தி, வெளிவருவதிற் கலப்படம் எவ்வளவு என்று மீட்டர் கொண்டு அளப்பர். அதன்பின்னரே காதாற் கேட்பர். செட்டியாரிடம் இருந்ததோ பெரும்பாலும் காதளவே.

அக்கொட்டகையிலேதான் நாம் இருவர் உருவாயிற்று. ஆர். சுதர்சனம் இசையமைக்க, டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாட, கமலா என்னும் சிறுமி அவற்றிற்கு ஆடினாள். 1947 ஜனவரியில், விடுதலைக்குச் சில திங்கள் முன்னரே, அப்பாடல்கள் தமிழகமெங்கும் முழங்கின. அவற்றைத் தட்டிலும் படத்திலும் ஒலிக்கச் செய்யும் உரிமையைச் செட்டியார் ஒரு வணிகரிடமிருந்து விலை கொடுத்து வாங்கியிருந்தார். பாரதியாரின் படைப்புகளை அரசாங்கம் பொதுவுடைமையாக்க முனைந்தபோது, 1949-இல் தம் உரிமையைப் பொருள் வாங்காமலே கொடுத்துவிட்டார். கணக்கறிந்த குடியிற் பிறந்தவர் கணக்குப் பாராமற் செய்த செயல் இது.

வேதாள உலகம் என்னும் படமும் காரைக்குடியிலே எடுக்கப்பெற்று 1948-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஸ்டூடியோ கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்தது. அங்கு அவர் கண்ட வெற்றிகளைக் கூறப் புகின் கட்டுரை நீளும். 1979 ஆகஸ்டு 12-இல் சென்னையிலே அவர் இயற்கை எய்தினார்.

நாம் இருவர் பாடல்களை இன்றைய தூய ஆம்பிளிபையர் வழியே கேட்போர்க்கு முதலிற் கேட்பது ஓர் இரைச்சல். பிலிமின் ஓரத்தே படிந்த தூசியும் கீறலும் அது. உச்சத் தொனிகள் அன்றைய கருவிகளில் ஏறவில்லை. ஆதலின் தாளத்தின் கூர்மை சற்று மழுங்கியே ஒலிக்கும். பழைய வால்வுப் பெட்டி மறைத்த குறைகளையெல்லாம் புதிய கருவி மறையாது காட்டிவிடுகின்றது. பட்டம்மாளின் குரலோ அவ்விரைச்சலுக்கு நடுவே, ஓரெழுத்தும் சிதையாமல், தெளிவாகக் கேட்கின்றது.