மறைக்காத தவறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்ற பருவத்தில் வேதியியல் செய்முறை வகுப்பில் என் ப்யூரெட் அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்து வரவில்லை. பிசகிய எண்ணை அழித்து, வரவேண்டிய எண்ணை எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பிறகுதான் ஹார்வி குஷிங்கின் வரலாற்றைப் படித்தேன்.

மூளை அறுவைச் சிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் குஷிங், 1869 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில் பிறந்தார். தந்தை, பாட்டனார், பூட்டனார் மூவரும் மருத்துவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் கைப்பழக்கம் இல்லாத மாணவனின் அச்சம் இருவருக்கும் பொதுதான்.

ஹார்வர்டில் படித்தபோது, அவர் ஈதர் கொடுத்து மயக்கிய நோயாளி ஒருவர் இறந்துபோனார். அக்காலத்தில் அது புதுமையன்று. ஆனால் குஷிங் அதை மறந்துவிடவில்லை. மயக்கத்தில் இருப்பவரின் நாடியையும் மூச்சையும் தாளில் குறித்துவரும் முறையைச் சக மாணவர் காட்மனுடன் சேர்ந்து தொடங்கினார். 1901-இல் இத்தாலியில் கண்ட ரிவா-ரோச்சியின் இரத்த அழுத்தக் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்.

அந்நாளில் மூளைக் கட்டிக்காக மண்டையைத் திறந்தால் பிழைத்தவர் சிலரே. இரத்தப்பெருக்கே பெரும்பகை. 1911-இல் சிறு வெள்ளிக் கவ்விகளால் இரத்தக் குழாய்களை அடைக்கும் வழியை வெளியிட்டார். 1926-இல் போவி அமைத்த மின்கருவியால் கசிவைத் தீய்த்து நிறுத்தினார். பாதியில் கைவிட்ட கட்டிகளையும் மீண்டும் அணுக முடிந்தது. மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள பிட்யூட்டரிக் கட்டியை அடைய, மேலுதட்டின் உட்புறம் கீறி மூக்கின் வழியே சென்றார். பின்னாளில் அவரே அவ்வழியை விட்டுவிட்டார். இன்று அகநோக்கிக் குழாயுடன் மருத்துவர்கள் மூக்கின் வழியேதான் பெரும்பாலும் செல்கின்றனர்.

ஒவ்வொரு அறுவையையும் அவர் படம் வரைந்து எழுதி வைத்தார். பிழைத்தவர் கணக்கோடு இறந்தவர் கணக்கும் அதில் உண்டு. 1931-இல் அக்கணக்கு இரண்டாயிரம் கட்டிகளை எட்டியது. 1939 அக்டோபர் 7 அன்று அவர் மறைந்தார். அவருடைய நோயாளிகளின் குறிப்புகள் யேல் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன.

இந்தப் பருவத்திலும் எனக்கு ஓர் அளவீடு பிசகியது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்; இரண்டு மதிப்பெண் போயிற்று. ஆசிரியர் என்னைத் திரும்ப மேசைக்கு அழைத்துச் சென்றார். ப்யூரெட்டின் முனையில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தது.